அப்புறம் டீச்சரும் ஐயாயிரம் புறாக்களும்

எங்கள் ஆரம்பப் பள்ளியில் உலக அமைதிக்குப் பொறுப்பாக ஓர் ஆளைப் போட வேண்டி வந்தபோது, இருக்கிறவர்களிலேயே பெரிய சண்டைக்காரியாகப் பார்த்துப் போட்டார்கள். அந்தம்மா நூலக உதவியாளர். மூன்றாம் வகுப்பு டீச்சரோடு பேச்சு இல்லை. அந்த டீச்சர் ஒரு புத்தகத்தின் மேல் டீ டம்ளரை வைத்துவிட்டாராம். டிரில் மாஸ்டரோடு பேச்சு இல்லை. அவர் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவராம். மணி அடிக்கிற ஆயாவோடு மட்டும் நல்ல பேச்சு. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் புத்தகங்களுக்கு ஆயாவால் ஆபத்தும் கிடையாது.

என்னோடும் பேச்சு இல்லை. நான் பள்ளி அலுவலகத்தின் எழுத்தர். என் அறைக்கும் நூலகத்துக்கும் நடுவே ஒரே சுவர், அதில் மேலே கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம். ஒன்பது வருடத்துக்கு முன் என் மேசையின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. நூலகத்தில் யாரும் தொடாத தடித்த அகராதி ஒன்று கிடந்ததா, எடுத்து வந்து முட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் மேசை அசையாமல் நின்றது. எட்டாம் நாள் அந்தம்மா விடுவிடுவென்று வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, குனிந்து அகராதியை உருவிக்கொண்டு போய்விட்டார். மேசை சாய்ந்து, டீ கவிழ்ந்து, அன்று காலையிலிருந்து நான் எழுதி முடித்திருந்த முப்பது மாற்றுச் சான்றிதழும் நனைந்து போயின. ஜன்னலுக்கு வெளியே பெற்றோர் ஆறு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்றிலிருந்து ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இருவரும் ஆயாவிடம் சொல்வோம். ஆயா வராந்தாவில் நான்கு அடி நடந்து போய் அந்தப் பக்கம் சொல்வார். வழியில் தன் சொந்தச் சரக்கு கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்.

அந்தம்மா முன்பு ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். மருந்துப் பெட்டி ஒட்டுத்தாளிலிருந்து தேர்தல் நோட்டீஸ் வரை எல்லாம் அவர் கண் பட்டுத்தான் அச்சேறும். அச்சக முதலாளிக்குக் கவிதை எழுதுகிற ஆசை வந்தது. அவர் தொகுப்பில் நூற்றுப் பதினாறு பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து, அவருடைய மாமனார் முன்னிலையிலேயே மேசையில் வைத்தார் அந்தம்மா. வேலை போய்விட்டது. பிறகு எங்கள் பள்ளி நூலக உதவியாளர் பிரசவ விடுப்பில் போக, அவருக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு என்று இங்கே வந்து சேர்ந்தார். விடுப்பில் போனவர் திரும்பி வரவேயில்லை. அந்தக் குழந்தை இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறது. அந்தம்மாவின் பெயருக்கு நேரே மட்டும் இன்னும் ‘தற்காலிகம்’ என்றுதான் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்கிறவன் நான்தான்.

கல்யாணம் ஆகவில்லை. தங்கை வீட்டில் இருந்தார், இரண்டாவது மாடி. தங்கை, தங்கை புருஷன், வளர்ந்த பிள்ளைகள் இரண்டு, இரண்டே அறை. அந்தம்மாவின் இடம் கூடத்தில் டிவிக்கு முன்னால். தங்கை புருஷனுக்குச் செய்தி பார்க்கிற வியாதி. உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும் அவர் பார்த்து முடித்து, டிவியை அணைத்த பிறகுதான் அந்தம்மாவால் பாயை விரிக்க முடியும். இதெல்லாம் ஆயா சொல்லித் தெரிந்தது. ஆயா சொல்லாமல் நானே கண்டதும் ஒன்று உண்டு. பள்ளிக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு என்று ஒரு வீடு, ஓர் அறையும் சமையலறையும், இரண்டு வருடமாகக் காலி. நிரந்தர ஊழியருக்குத்தான் கொடுப்பார்கள். ஒரு மதியம் அந்தம்மா அந்த வீட்டின் ஜன்னல் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று குனிந்து செடியில் பூச்சி தேடத் தொடங்கிவிட்டார்.

பிள்ளைகள் அவரை ‘அப்புறம் டீச்சர்’ என்பார்கள். அவர் டீச்சரே இல்லை, ஆனால் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பெயருக்குக் காரணம் உண்டு. புத்தகம் எடுத்துப் போன பிள்ளை திருப்பிக் கொடுக்க வரும்போது, மேசைக்கு முன்னால் நின்று அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். பாராட்ட மாட்டார், சிரிக்க மாட்டார், அடுத்த வரியை எடுத்தும் கொடுக்க மாட்டார். பிள்ளை நிறுத்துகிற இடத்தில் ‘அப்புறம்?’ என்பார், அவ்வளவுதான். கதை முடியும் வரை அந்த ஒரே சொல். முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அடுத்த புத்தகத்தைக் கொடுப்பார். ஒருநாள் இரண்டாம் வகுப்புக் குட்டி ஒன்று ஒட்டகமும் ராணியும் வருகிற பெரிய கதை ஒன்றை அரை மணி நேரம் சொன்னது. அந்தம்மா கடைசி வரை கேட்டார். பிறகு, ‘நல்லாருக்கு. ஆனா இது இந்தப் புத்தகத்துல இல்ல. போய்ப் படிச்சிட்டு வா’ என்று சொல்லி அதே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் காற்றுத் துவாரம்தான். ஒன்பது வருடம் பேசாமல் இருந்தேனே தவிர, கேட்காமல் இருக்கவில்லை. சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டே எத்தனையோ கதைகளை ஓசியில் கேட்டிருக்கிறேன். ஒருநாள் ஆமை ஒன்று கிணற்றில் விழுந்த இடத்தில் மணி அடித்துவிட்டது. பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. ஆமை என்ன ஆயிற்று என்று தெரியாமல் அன்று எனக்கு எதுவும் ஓடவில்லை. மறுநாள் மதியச் சோற்றுக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் இருந்து கேட்டேன். ஆமை பிழைத்துக்கொண்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தப் பள்ளியில் எனக்குப் பிடித்திருந்தது அது ஒன்றுதான்.

இனி எங்கள் தலைமையாசிரியர். அவரை நாங்கள் ‘மைக்’ என்போம். மைக் இருக்கிற இடத்தில் அவர் இருப்பார். அவர் கையில் போன மைக் திரும்பி வராது. அவருக்கு ஒருநாள் ஏதோ ஓர் அமைதி அமைப்பிலிருந்து கடிதம் வந்தது. வாசிப்பின் வழியே உலக அமைதி என்று ஒரு திட்டம். குழந்தை ஒரு புத்தகம் படித்தால் ஒரு காகிதப் புறா. புறாவின் வயிற்றில் குழந்தையின் பெயர், புத்தகத்தின் பெயர், நூலகரின் கையெழுத்து. வட்டாரத்தில் எந்தப் பள்ளி அதிகப் புறா சேர்க்கிறதோ அந்தத் தலைமையாசிரியர் வெளிநாட்டு மாநாட்டில் பத்து நிமிடம் பேசலாம். குழந்தைகள் எதற்குப் படிக்க வேண்டும், படித்தால் போர் எப்படி நிற்கும் என்றெல்லாம் கடிதத்தில் மூன்று பக்கம் இருந்தது. மைக் அதையெல்லாம் புரட்டிவிட்டு ‘பத்து நிமிடம்’ என்ற இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தார்.

அடுத்த தெருப் பள்ளி நாலாயிரம் சேர்க்கப் போவதாகக் கேள்விப்பட்டு, நமக்கு ஐயாயிரம் என்று அறிவித்துவிட்டார். பள்ளியில் பிள்ளைகள் நானூற்று இருபது. பத்து வாரம். டிராயிங் மாஸ்டர் புறா வரைந்து கொடுத்தார், நான் பிரதி எடுத்தேன். எங்கள் பழைய இயந்திரத்தில் வெளிவந்தது புறாவாக இல்லை, நன்றாகத் தீனி போட்டு வளர்த்த கோழியாக இருந்தது. பிள்ளைகளும் ‘உன் கிட்ட எத்தனை கோழி?’ என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் போர் மூண்டது. நாலாம் வகுப்பில் ஏ பிரிவு, பி பிரிவு என்று இரண்டு. எந்தப் பிரிவுக்கு அதிகம் என்று மைக் தினமும் காலை வணக்கத்தில் வாசிக்கத் தொடங்கியிருந்தார். ஒரு காலை ஏ பிரிவுச் சுவரிலிருந்து பதினேழு புறாக்களைக் காணவில்லை. பி பிரிவுக் கழிப்பறைத் தொட்டியில் மிதந்தன. மதியம் ஒரு பெண்ணின் சடை பாதி கையோடு வந்துவிட்டது, இன்னொன்றுக்கு ஒரு பல் போயிற்று, நல்லவேளை அது விழ வேண்டிய பால் பல். பத்து வருடமாக ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு வகுப்பு டீச்சர்களும் ஆசிரியர் அறையில் மேசையைத் தனித்தனியாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மைக் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி உலக அமைதியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். மூன்று பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். அவர்களைத் தூக்கிப் போகும்போதும் பேச்சு நிற்கவில்லை.

நூலகத்தில் மட்டும் எதுவும் மாறவில்லை. கதை சொன்னால் கையெழுத்து, சொல்லாவிட்டால் இல்லை. ஒரு நாளைக்கு எட்டுப் பிள்ளை, மிஞ்சிப் போனால் ஒன்பது. ஒன்பதாவது வாரம் எண்ணிப் பார்த்தால் முந்நூற்று எழுபத்தொரு புறா. மைக்குக்கு வேர்த்துவிட்டது. டிராயிங் பீரியட்டில் எல்லா வகுப்பையும் உட்காரவைத்து, ஆளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு புறாவில் பெயரும் புத்தகமும் எழுதச் சொன்னார். பிள்ளைகள் புத்தகப் பெயருக்கு எங்கே போகும்? கண்ணில் பட்டதை எழுதின. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வருகைப் பதிவேட்டைப் படித்து முடித்திருந்தது. ஐந்தாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர் ‘மின்விசிறி பொருத்தும் முறை’ படித்திருந்தார்கள், புது மின்விசிறியின் அட்டைப்பெட்டி அந்த வகுப்பு மூலையில் கிடந்தது. கையெழுத்துக்காக எல்லாவற்றையும் கட்டுக் கட்டாக நூலகத்துக்கு அனுப்பினார்கள். அந்தம்மா ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றவில்லை. ஆயா தலையில் அப்படியே என் மேசைக்குத் திரும்பி வந்தன.

மைக் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறைக் கதவு என் மேசைக்கு நேராகத் திறக்கும்.

“கையெழுத்துதானம்மா கேக்குறேன், உங்க சொத்தையா எழுதிக் கேக்குறேன்?” என்றார் மைக்.

“வந்து கதை சொல்லட்டும் சார். போடுறேன்.”

“உங்க ஃபைல் என் மேசையில இருக்கு. மாசக் கடைசியோட உங்களுக்கு அம்பது முடியுது. நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லன்னு நெனைக்கிறேன்.”

அந்தம்மா திரும்பி நடந்தார். விளக்க வேண்டியது அவருக்கு இல்லை, உங்களுக்குத்தான். ஐம்பது வயது முடிந்தவரை நிரந்தரம் செய்ய விதியில் இடமில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக நிரந்தரப் பணியிடம் ஒன்று வந்திருந்தது. தலைமையாசிரியர் பரிந்துரைத்து, மாதக் கடைசிக்குள் மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் வேலையும் உண்டு, பின்னால் இருக்கிற வீடும் உண்டு. தவறினால் இரண்டும் இல்லை, தற்காலிகம்கூட இல்லை; அந்த இடத்துக்கு வேறு யாராவது வந்துவிடுவார்கள். கூடத்தில் டிவி அணைவதற்காகக் காத்திருக்கிற அந்தம்மாவுக்கு இது எல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ரப்பர் பேண்டைக் கழற்றவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. மைக் மேல் இல்லை, அவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது? அந்தம்மா மேல். கோழிப் படத்தில் ஒரு கிறுக்கல் போட்டால் தலைக்கு மேல் கூரை. அதைச் செய்யாமல் இவர் யாருக்கு என்ன நிரூபிக்கப் போகிறார் என்று இருந்தது. அவருடைய கையெழுத்தோ ஒரே ஓர் எழுத்தும் அதற்கு ஒரு வாலும். வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்துக்கு அடுத்த வரியில் பன்னிரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்.

போட்டேன். ஐந்து மதியம், அலுவலகக் கதவைச் சாத்தி, ‘சம்பளப் பட்டியல் நடக்கிறது, தொந்தரவு வேண்டாம்’ என்று எழுதி ஒட்டிவிட்டு, நாலாயிரத்து அறுநூற்று இருபத்தொன்பது புறாக்களுக்குக் கையெழுத்துப் போட்டேன். முதல் பத்து முடிவதற்குள் எழுந்து போய்க் கதவுத் தாழை இரண்டு முறை பார்த்தேன். நூறு தாண்டியதும் தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று ஆகிவிட்டது. மின்விசிறி பொருத்தும் முறைக்கும் போட்டேன், வருகைப் பதிவேட்டுக்கும் போட்டேன். புறாத் தாள் எல்லாம் தீர்ந்த பிறகும், துவாரத்தின் வழியாக அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளை திக்கித் திக்கிக் கதை சொல்லிக்கொண்டிருந்தது, அந்தம்மா ‘அப்புறம்?’ என்றார். இந்தப் பக்கம் நான் அவருடைய பெயரைக் கிறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அவருக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாமல் போகாது. அப்போது என் ஜன்னலுக்கு வந்து நின்றாக வேண்டும். ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தையை அவர்தான் பேசியாக வேண்டும். அப்போது நான் பெருந்தன்மையாக என்ன சொல்ல வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்’ என்று குனிந்தபடி சொல்வதாகத் திட்டம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

கட்டுகளை மைக்கிடம் கொடுத்து, நூலகத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் ஒரு புறாவை எடுத்துக் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ‘நல்லது’ என்றார். புரிந்திருக்கும். புரிந்துகொள்ளாமல் இருப்பதற்குத்தான் அவருக்குப் பதவி. பரிந்துரையில் கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்து, விழா முடிந்த பிறகு அனுப்பச் சொன்னார். உறையில் முகவரி எழுதி, ஒட்டி, என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

சனி, ஞாயிறில் டீச்சர்கள் எல்லாப் புறாவையும் வராந்தாச் சுவரில் தரையிலிருந்து உத்தரம் வரை ஒட்டினார்கள். திங்கட்கிழமை விழா. அந்தம்மா வழக்கம் போல எல்லோருக்கும் முன்னால் வந்தார். சுவருக்கு முன்னால் நின்றார். பிழை திருத்தியே பாதி வயது போன கண் அது. ஒன்று, இரண்டு, பத்து என்று நகர்ந்துகொண்டே போய்ப் படித்தார். பிறகு ஒரு புறாவைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார். நான் பேனாவைக் கீழே வைத்தேன். என் முகத்தைப் பார்த்தார், மேசையில் இருந்த பேனாவைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், அழுவாரோ என்றுகூட நினைத்தேன். புறாவோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

விழாவுக்கு அமைதி அமைப்பிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார், கூடவே புகைப்படக்காரர் ஒருவர். சுவரைப் பார்த்து அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. நாலாயிரம் வைத்திருந்த அடுத்த தெருப் பள்ளித் தலைமையாசிரியர் முன்வரிசையில் புளி கரைத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மைக் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு அந்த அம்மையார் எழுந்து, இத்தனை கதைகளையும் உட்கார்ந்து கேட்ட அந்த நூலகரைத்தான் தான் பார்க்க வேண்டும், அவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். மைக் ஏதோ முணுமுணுத்தார். அதற்குள் பிள்ளைகள் ‘அப்புறம் டீச்சர், அப்புறம் டீச்சர்’ என்று கத்த ஆரம்பித்துவிட்டன.

அந்தம்மா மேடைக்குப் போனார். மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை, முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். இருந்தாலும் கேட்டது.

“நான் கேட்டுக் கையெழுத்துப் போட்டது முந்நூத்தி எழுபத்தோரு கதை. அதச் சொன்ன பிள்ளைங்களுக்கு அந்தக் கதை இப்பவும் தெரியும், கூப்பிட்டுக் கேளுங்க. மத்த புறாவுல இருக்குறது என் கையெழுத்து இல்ல.”

அம்மையார் குழம்பிப் போய், பிறகு யாருடையது என்று கேட்டார்.

“போட்டவங்க இங்கதான் இருக்காங்க. அவங்க சொல்லட்டும்.”

நான் மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அந்தம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகச் சுவரைப் பார்த்தபடி நின்றார். எழுந்து ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அந்த வருடம் ஓய்வூதியத்துக்கு எனக்கு நாலு வருடம் பாக்கி. என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். போர்ஜரிக்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும், விதிப் புத்தகம் என் அலமாரியில்தான் இருக்கிறது. நான் குனிந்து என் செருப்பு வாரைச் சரிசெய்தேன். அதில் சரிசெய்ய ஒன்றும் இருக்கவில்லை.

மைக் சிரித்துக்கொண்டே வந்து அந்தம்மா கையிலிருந்து மைக்கை வாங்கினார். பாவம், பத்து வாரமாக ராப்பகலாக உழைத்ததில் அவருக்கு உடம்பு சரியில்லை, கணக்குக் குழம்பிவிட்டது, ஒரு கைதட்டல் கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள். நானும் தட்டினேன். அமைதி அம்மையாருக்கும் ஊருக்குத் திரும்ப ரயில் இருந்தது, புகைப்படக்காரர் வேறு அவசரப்படுத்தினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். ஐயாயிரம் கோழியைச் சுவரில் மறைத்து நான் அன்றுதான் பார்த்தேன். கேடயத்தை வாங்கிக்கொண்டு மைக் புறாக்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

விழா முடிந்து நாற்காலிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது மைக் என் ஜன்னலுக்கு வந்து, அந்த உறையைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார். அஞ்சலில் சேர்த்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தபால் பெட்டி பள்ளி வாசலில்தான் இருக்கிறது, காலையிலேயே போட்டிருக்கலாம். இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு வருடத்தை நாலாகக் கிழித்து என் குப்பைக் கூடையிலேயே போட்டுவிட்டுப் போனார்.

பிற்பாடு அவர் வெளிநாடு போய்ப் பேசிவிட்டும் வந்தார். பத்து நிமிடத்தில் நிறுத்தச் சொல்லி விளக்கை அணைத்தார்களாம், அதை அவரே பெருமையாகச் சொன்னார். போர்கள் எதுவும் நின்றதாகத் தெரியவில்லை. சுவர்ப் புறாக்கள் ஒரு மழையில் ஊறி விழுந்தன, ஆயா பெருக்கித் தள்ளினார். நூலகத்துக்கு இளம் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். நல்ல பெண்தான், எல்லோருடனும் பேசுவாள். பிள்ளைகள் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகின்றன. துவாரத்தின் வழியே இப்போது மின்விசிறிச் சத்தம் மட்டும் வருகிறது.

மாதக் கடைசி நாளன்று அந்தம்மா விடுவிப்புப் படிவம் வாங்க வந்தார். அந்த மாதிரிக் காகிதத்தை ஆயா மூலம் கொடுத்து அனுப்ப முடியாது, நேரில் வந்தாக வேண்டும். கையில் ஒரு துணிப்பை. அதில் ஒரு தண்ணீர் பாட்டிலும் சிவப்புப் பேனா ஒன்றும்தான் இருந்தன. படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“எங்க போடணும்?” என்றார்.

ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். விரலால் இடத்தைக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். ஓர் எழுத்து, ஒரு வால். நான் போட்டவற்றில் வால் கொஞ்சம் நீளம் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

“மேடம்” என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. “அதெல்லாம் நான்தான் போட்டேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் பேரைச் சொல்லல? சொல்லியிருந்தா உங்க வேலையாவது...”

அந்தம்மா படிவத்தின் நகலை நாலாக மடித்தார்.

“நீங்க எந்திரிப்பீங்கன்னு பாத்தேன் சார்” என்றார்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கோபம்கூட இல்லை. பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரல்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைத் தாண்டி, வராந்தாவில் நடந்து போனார். கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம், வாசல் வரையாவது கூடப் போயிருக்கலாம். நாற்காலியில் இருந்தபடியே, அவர் கேட்டைத் திறந்து போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.